கிணற்றின் ஊடே ஒரு கோடு

செம்பக்கம் என்ற ஒரு சொல்லுக்காகத்தான் திருகோணமலைக்குப் போனேன். போன இடத்தில் அடுத்தவர் காணியில் கயிறு பிடித்தேன், மீன் தராசின் முன்னால் நின்றேன், ஒரு காவலரிடம் அகப்பட்டுக்கொண்டேன்.

திருச்சியில் முப்பத்து மூன்று வருடம் கணக்கு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். வீட்டில் சும்மா உட்காரப் பிடிக்காமல், நண்பர்கள் சிலர் தொகுக்கும் கணிதச் சொல்லகராதி ஒன்றுக்கு உதவிக்கொண்டிருக்கிறேன். நாம் முக்கோணம் என்பதை இலங்கைப் பள்ளிக்கூடங்களில் முக்கோணி என்கிறார்கள். நம்முடைய தொடுகோடு அங்கே தொடலி. கோணமானி அங்கே பாகைமானி. இப்படி இரண்டு கரைச் சொற்களையும் பக்கத்தில் பக்கத்தில் அடுக்க வேண்டும். இலங்கையில் தெரிந்தவர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று எல்லோருக்கும் எழுதிக் கேட்டோம். திருகோணமலையிலிருந்து ஒரு பட்டியல் வந்தது. கோடு போட்ட தாளில் நாற்பது சொற்கள், அடித்தல் திருத்தல் இல்லாமல். முதல் வரி: கர்ணம் – செம்பக்கம். அடியில் ‘சுகந்தினி, நில அளவை’ என்று கையெழுத்து. அதற்கும் அடியில், சின்னதாக: ‘உங்கள் பழைய மாணவி.’

எனக்கு உடனே ஞாபகம் வந்துவிட்டது. வராமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இருபத்து மூன்று வருடத்துக்கு முன்னால், பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வு. அகதி முகாமிலிருந்து வரும் பிள்ளைகள் ஐந்தாறு பேர் என் வகுப்பில் இருந்தார்கள். சுகந்தினி அவர்களில் ஒருத்தி. இருக்கும் இடம் தெரியாது. செங்கோண முக்கோணம் பற்றிய கேள்விக்கு அவள் ‘செம்பக்கம்’, ‘நிறுவல்’, ‘ஒருங்கிசையும்’ என்றெல்லாம் எழுதியிருந்தாள். எனக்குத் தெரியாத சொற்கள். தெரியாததை விசாரிக்கத் தோன்றவில்லை. சிவப்புப் பேனாவால் அந்தப் பக்கத்தை மூலைக்கு மூலை அடித்துச் சைபர் போட்டேன். அதோடு விட்டேனா? வகுப்பில் உரக்கப் படித்துக் காட்டி, “இது எந்த ஊர் பாஷை?” என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. அவள் தாளை வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்தாள். பதினோராம் வகுப்புக்கு அவள் வரவில்லை.

பட்டியல் வந்த பிறகு இலங்கைப் பாடப்புத்தகம் ஒன்றை வரவழைத்துப் பார்த்தேன். செங்கோணத்துக்கு எதிரே இருக்கும் பக்கம், செம்பக்கம். சொல்லைப் பார்த்தாலே பொருள் தெரிகிறது. நம்முடைய கர்ணம் வடமொழி. கர்ணம் என்றால் காது. முக்கோணத்துக்கு ஏது காது என்று எந்தப் பிள்ளையும் என்னைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் எனக்கும் தெரிந்திருக்காது.

நேரில் போய்ச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. சொற்கள் சேகரிக்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். அதுவும் பொய்யில்லை.

வியாழக்கிழமை மதியம் திருகோணமலை பஸ் நிலையத்தில் இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டது ஒரு புள்ளிமான். குப்பைத் தொட்டியோரம் நின்று வாழைப்பழத் தோல் தின்றுகொண்டிருந்தது. எங்கள் ஊரில் அந்த இடத்தில் மாடு நிற்கும். நான் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, தலைக்கவசம் போட்ட ஒரு பெண் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு வந்தாள். தலைக்கவசத்தைக் கழற்றிய பிறகும் எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்தது.

“ரீச்சர், கன நேரம் நிண்டனீங்களோ? மான் ஒண்டும் செய்யாது, பயப்பிடாதேங்கோ.”

பதினைந்து வயதில் பார்த்தவளை முப்பத்தெட்டு வயதில் நீ என்பதா நீங்கள் என்பதா என்று எனக்குக் குழப்பம். அவளுக்கு அந்தச் சிக்கல் இல்லை. என் பையை வாங்கி முன்னால் வைத்தாள்; என்னைப் பின்னால் ஏற்றினாள். திருச்சியில் பாலிடெக்னிக்கில் படித்தது, போர் முடிந்து அம்மாவோடு ஊர் திரும்பியது, ஒரு நில அளவையாளரிடம் வேலைக்குச் சேர்ந்தது எல்லாவற்றையும் காற்றோடு காற்றாகச் சொல்லிக்கொண்டே ஓட்டினாள். அம்மாவோடு சல்லி என்ற ஊரில் இருக்கிறாளாம். எனக்குக் கடற்கரைப் பக்கம் ஒரு விடுதியில் அறை எடுத்திருந்தாள்.

அன்று மாலை ஒரு சிறிய சாப்பாட்டுக் கடையில் இடியப்பம், சொதி, தேங்காய்ச் சம்பல். இங்கே இடியப்பம் தட்டுத் தட்டாக, வட்டமாக, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வருகிறது. நான் ஆறு தின்றேன். ஒவ்வொரு வட்டத்துக்கும் இப்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். ஏழாவது வரவில்லை, நான் சொல்லவும் இல்லை. அவளும் பழசைத் தொடவில்லை. “நாளைக்கு எனக்கு ஒஃபிசில வேலை. நீங்கள் நஸீர் நானா வீட்டை போங்கோ. முந்தி தச்சு வேலை செய்தவர், இப்ப எங்களோட அளவுக்கு வாறவர். அவரிட்டக் கனக்கச் சொல்லு இருக்கு” என்றாள்.

நானா என்றால் அண்ணன். நஸீர் நானா வீடு குறிஞ்சாக்கேணியில். கிண்ணியாப் பக்கம். வெள்ளிக்கிழமை காலை ஓட்டோவில் கிளம்பினேன். ஓட்டோக்காரர் நல்ல பேச்சுக்காரர். சீனன்குடா தாண்டும்போது மரங்களுக்கு நடுவே பெரிய எண்ணெய்த் தொட்டி ஒன்றின் தலை தெரிந்தது. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. அத்தனை பெரிய வட்டங்களைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை. வண்டியை நிறுத்தச் சொல்லி, நோட்டில் இரண்டு வட்டமும் அவற்றைத் தொட்டுச் செல்லும் ஒரு கோடும் போட்டேன். தொடலிக்கு உதாரணப் படம் தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

சைக்கிளில் ஒரு காவலர் வந்தார். நோட்டைக் காட்டச் சொன்னார். நீட்டினேன். வட்டங்களுக்குப் பக்கத்தில் ‘அ’, ‘ஆ’ என்று வேறு குறித்து வைத்திருந்தேன். வெளியூர்க்காரி, கையில் படம், படத்தில் எழுத்து. ஓட்டோக்காரர் இறங்கிச் சிங்களத்தில் ஏதோ விளக்கினார். காவலர் பக்கங்களைப் புரட்டினார். முக்கோணம், நாற்கரம், முக்கோணம், வட்ட நாற்கரம். அவர் முகம் மாறியது. ஓட்டோக்காரரிடம் மெதுவாக எதையோ சொன்னார்.

“என்ன சொல்றார்?” என்றேன்.

“இவர்ட மகளுக்கும் இந்த வருசம் சோதினையாம். இதத்தான் படிக்கிறாவாம். ஒண்ணும் விளங்கல்லன்னு நேத்து அழுதாவாம். நீங்க கணக்கு ரீச்சராண்டு கேக்கிறார்.”

ஆமாம் என்றேன். அப்படியானால் மகளுக்கு என்ன சொல்வது என்று கேட்டார். நான் யோசித்து, “முதலில் படத்தைப் பெரிதாகப் போடச் சொல்லுங்கள். பிள்ளைகள் சின்னதாகப் போட்டுவிட்டு ஒன்றும் தெரியவில்லை என்பார்கள்” என்றேன். ஓட்டோக்காரர் மொழிபெயர்த்தார். காவலர் அதைக் கவனமாகக் கேட்டுத் தலையாட்டினார். பிறகு, இந்த இடத்தில் நிற்கக் கூடாது, படமும் போடக் கூடாது என்று சொல்லி வழியனுப்பினார்.

நஸீர் நானாவுக்கு ஐம்பது வயதிருக்கும். ஜும்ஆ தொழுகை முடிந்து வந்து, வாசலிலேயே என்னைப் பிடித்துக் நாற்காலியில் உட்கார வைத்தார். “இரிங்க, இரிங்க. சாப்பிட்டுத்தான் சொல்லு எல்லாம்.” களப்பில், அதாவது காயலில், பிடித்த இறால் குழம்பும் கத்தரிக்காய்ப் பொரியலும் வந்தன. கடைசியில் அவர் மனைவி வட்டிலப்பம் என்ற முட்டைப் பலகாரத்தைச் சாய்சதுரங்களாக வெட்டிக் கொண்டுவந்தார். நான் அந்த வடிவத்தின் பேரைச் சொன்னதும் அந்தம்மாவுக்குச் சிரிப்பு. “பேரு எதுவா இருந்தாலும் இன்னொண்ணு சாப்பிடுங்க.”

சாப்பிட்ட கை காயுமுன் நஸீர் நானா இரு நுனியும் சேர்த்துக் கட்டிய ஒரு கயிற்றைக் கொண்டுவந்தார். சம தூரத்தில் பன்னிரண்டு முடிச்சு. முற்றத்தில் மூன்று முளை அடித்தார். மூன்று இடைவெளி ஒரு பக்கம், நாலு ஒரு பக்கம், ஐந்து ஒரு பக்கம். கயிறு இறுகியதும் மூலை நிமிர்ந்துகொண்டது. செங்கோணம்.

“அத்திவாரம் வெட்டுற எல்லாருக்கும் இது தெரியும்” என்றார். “பள்ளிக்கூடத்தில இதுக்குப் பேரு வெச்சிருக்கிறாங்களாமே?”

வேள்விக் குண்டம் கட்டியவர்களும் இப்படித்தான் கயிறு பிடித்தார்கள். இந்தத் துறைக்கு இலங்கைத் தமிழில் கேத்திரகணிதம் என்று பேர். கேத்திரம் என்றால் வயல், நிலம். கரும்பலகையில் முப்பத்து மூன்று வருடம் முக்கோணம் போட்டேன். மண்ணில் ஒன்றுகூடப் போட்டதில்லை. அன்று அந்த முற்றத்தில்தான் முதல் தடவை.

சனிக்கிழமை சுகந்தினி என்னைச் சாம்பல்தீவுக்குக் கூட்டிப் போனாள். “ஒரு கரைச்சலான காணி. வாறீங்களோ?” என்று கேட்டாள். கரைச்சல் என்றால் தொல்லை. நஸீர் நானா முன்னாலேயே போய் நின்றார்.

காணி இரண்டு சகோதரிகளுடையது. மூத்தவர் பாக்கியம், இளையவர் தவமணி. தாய் எழுதிவைத்த உறுதிப் பத்திரத்தில் ‘சரிபாதி, கிணறு இருவருக்கும்’ என்று இருக்கிறது. வெங்காயம் போட்ட மண். கிணறு இல்லாமல் அந்த மண்ணால் ஒரு பயனும் இல்லை. எட்டு வருடமாகப் பிரிக்க முடியாமல் புல் முளைத்துக் கிடக்கிறது. மூன்று பேர் வந்து அளந்திருக்கிறார்கள். மூன்றையும் சகோதரிகள் ஏற்கவில்லை. அத்தோடு பேச்சும் நின்றுவிட்டது. ஒருவர் வீடு ரோட்டுக்கு எதிர்ப்புறம், மற்றவர் வீடு அடுத்த ஒழுங்கையில், அதாவது சந்தில். தினமும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழித்துக்கொண்டு பேசாமல் இருக்கிறார்கள்.

காணி ஒரு முக்கோணம். ரோட்டுப் பக்கம் இருநூற்று நாற்பது அடி. எதிர் மூலை பின்னால், பனைகள் நிற்கும் இடத்தில். பின் மூலையிலிருந்து ரோட்டின் நடுப்புள்ளிக்குக் கோடு இழுத்தால் கண்ணை மூடிக்கொண்டு சரிபாதி. ஆனால் கிணறு ரோட்டோரத்தில், நடுவிலிருந்து நாற்பது அடி வலப்பக்கம் தள்ளி இருக்கிறது. அப்படிப் பிரித்தால் கிணறு முழுக்க ஒருத்தி பங்குக்குப் போய்விடும். ஆகவே கோடு கிணற்றின் ஊடே போக வேண்டும். இரண்டு பங்கும் சமமாகவும் இருக்க வேண்டும்.

சுகந்தினி கருவியை வைத்து அளந்தாள். கணினி விடையைச் சொல்லிவிட்டது. ஆனால் சகோதரிகளுக்குக் கணினியின் பேச்சு வேண்டாம். முன்னால் வந்தவர்களும் எண்களைத்தான் காட்டினார்களாம். அதனால் அவள் கயிற்றை எடுத்தாள்.

பின் மூலையிலிருந்து கிணற்றுக்கு ஒரு கயிறு. நான் கிணற்றடியில் நுனியைப் பிடித்துக்கொண்டேன். ரோட்டின் நடுப்புள்ளியிலிருந்து அந்தக் கயிற்றுக்குச் சமாந்தரமாக, அதாவது இணையாக, இன்னொரு கயிறு. அது இடப்பக்க வேலியைத் தொட்ட இடத்தில் நஸீர் நானா ஒரு முளை அடித்தார். “இந்த முளையில இருந்து கிணத்துக்கு ஒரு கோடு. அதுதான் உங்கட எல்லை” என்றாள் சுகந்தினி.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஒரே அடிப்பக்கத்தில், இரண்டு சமாந்தரக் கோடுகளுக்கு இடையே இருக்கும் முக்கோணிகள் பரப்பில் சமம். அந்த ஒரு உண்மையை வைத்துக்கொண்டு ஒரு துண்டை இங்கே கொடுத்து அதே அளவுத் துண்டை அங்கே வாங்கியிருக்கிறாள். நிலத்தை இப்படிப் பிரிக்கும் கணக்குகள் கொண்ட கிரேக்க நூல் ஒன்று கிரேக்கத்தில் தொலைந்து, அரபியில் மட்டும் தப்பியதாகப் படித்திருக்கிறேன். பாகப் பிரிவினைச் சண்டை எல்லா ஊரிலும் இருந்திருக்கிறது.

ஆனால் பாக்கியத்துக்கு மயிர்க்கூச்செறியவில்லை.

“இதென்ன கதை, பிள்ளை? ஒரு பங்குக்கு ரோட்டுப் பக்கம் நூற்றறுபது அடி. மற்றதுக்கு எண்பது. இது சரிபாதியோ?”

“எண்பதுக்காரருக்குப் பின் காணி முழுக்க வருது, பாக்கியமக்கா. ஒரு பங்கு முக்கோணி, மற்றது நாற்பக்கல். கண்ணுக்குச் சமனாத் தெரியாது.”

“கண்ணுக்குத் தெரியாததை நான் எப்பிடி நம்பிறது? அவவுக்கு விளங்குதோ எண்டு கேளுங்கோ.”

அவ என்று சொல்லப்பட்ட தவமணி ஐந்தடி தள்ளித்தான் நின்றார். சுகந்தினி திரும்பி, “விளங்குதோ எண்டு அக்கா கேக்கிறா” என்றாள்.

“எனக்கும் விளங்கேல்லை எண்டு சொல்லுங்கோ.”

எட்டு வருடத்தில் அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான் என்று நினைக்கிறேன்.

நானும் என் பங்குக்குக் குச்சியால் மண்ணில் படம் போட்டு விளக்கினேன். என் வகுப்புப் பிள்ளைகள் எப்படிப் பார்ப்பார்களோ அப்படியே பார்த்தார்கள், மரியாதையோடும் நம்பிக்கை இல்லாமலும். நம்முடைய நிரூபணத்தை நிறுவல் என்று அவர்கள் சொல்வது எவ்வளவு சரியான சொல் என்று அப்போதுதான் உறைத்தது. எதிரே நிற்பவர் மனதில் நட்டு நிறுத்தினால்தான் அது நிறுவல். இல்லாவிட்டால் வெறும் படம்.

நஸீர் நானா கயிற்றைச் சுற்றிக்கொண்டே சொன்னார். “மீனை நிறுத்துத்தானே வாங்கிறீங்க? காணியையும் நிறுத்துக் காட்டினா?”

காணியை எப்படி நிறுப்பது என்று பாக்கியம் கேட்டார். இதே வடிவத்தில் ஒரு பலகை வெட்டுவோம், அதே கோட்டில் இரண்டாக அறுப்போம், இரண்டு துண்டையும் தராசில் வைப்போம் என்றார் நானா. பலகை எங்கும் ஒரே தடிமன். பாரம் சமம் என்றால் பரப்பும் சமம். சகோதரிகள் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. ஆனால் இருவரும் தலையாட்டினார்கள்.

அன்று வெயில் தாழ்ந்ததும் நகரக் கடற்கரையில் சுகந்தினியும் நானும் இறால் வடை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம். துறைமுகத்தை நோக்கி ஒரு கப்பல் அசையாததுபோல நகர்ந்துகொண்டிருந்தது. வடை சூடாக இருந்தது. இனி ஒத்திப்போட்டால் ஊருக்கே திரும்பிவிடுவேன் என்று தோன்றி, வடையைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னேன்.

“சுகந்தினி, அந்த அரையாண்டுப் பரீட்சை…”

“ஞாபகம் இருக்கு, ரீச்சர்.” அவள் கடலைப் பார்த்தபடி சொன்னாள். “சிவப்புப் பேனை. மேல் மூலையில இருந்து கீழ் மூலைக்கு. அதுவும் ஒரு செம்பக்கம்தான் எண்டு அண்டைக்கு நினைச்சனான்.”

“நான் செஞ்சது தப்பு. உன் விடை சரி. எனக்குத்தான் அந்தச் சொல் தெரியலை. கேட்டிருக்கலாம். கேக்காம உன்னை எல்லார் முன்னாலயும்…”

அவள் தன் வடையைத் தாளில் வைத்தாள். பிறகு நிதானமாகச் சொன்னாள். “மன்னாரில வள்ளம் ஏறேக்க அம்மா நகை கொண்டு வந்தா. அப்பா காணி உறுதி கொண்டு வந்தார். நான் கணக்குப் புத்தகம் கொண்டு வந்தனான். பொலித்தீனில சுத்தி. அந்தப் புத்தகத்தில இருந்த சொல்லுதான் ரீச்சர் அது. நீங்கள் ‘எந்த ஊர் பாஷை’ எண்டு கேட்ட நேரம், எனக்கு ஊர் ஒண்டு இருக்கிறதே பிழை எண்ட மாதிரி இருந்தது.”

நான் அழுதேன். அவள் தடுக்கவில்லை. ஒரு காகம் வந்து என் வடையைப் பார்த்துக்கொண்டு நின்றது.

“அதனாலதான் பதினோராம் வகுப்புக்கு வரலையா?”

“சீச்சீ. எங்களை வேற முகாமுக்கு மாத்தினவை.” அவளுக்குப் பொய் சொல்ல வராது என்று எனக்குத் தெரிந்தது. “மாத்தினது நல்லதெண்டு அப்ப நினைச்சனான்தான். உங்களில சரியான கோவம். பொதுப் பரீட்சையில கர்ணம் எண்டு எழுதி, பக்கத்தில அடைப்புக்குறி போட்டுச் செம்பக்கம் எண்டும் எழுதினன். எல்லா இடத்திலயும். திருத்தினவர் ஆரெண்டு தெரியாது. வெட்டேல்லை. தொண்ணூற்றாறு போட்டிருந்தார்.”

யாரோ ஒருவர், அவளை ஒரு தரம்கூடப் பார்க்காதவர், அந்த அடைப்புக்குறிக்கு மதிப்புக் கொடுத்திருக்கிறார். அவர் இருக்கும் திசை தெரிந்தால் கும்பிடலாம் போலிருந்தது.

“அப்புறம் ஏன் எனக்குப் பட்டியல் அனுப்பினே?”

“நீங்கள் கேட்டிருந்தீங்களே. இந்தச் சொல்லுக்கு உங்கட ஊரில என்ன சொல்லுவீங்கள் எண்டு.” அவள் முதல் தடவையாக என்னைத் திரும்பிப் பார்த்தாள். “அந்தக் கேள்விக்குத்தான் ரீச்சர் அண்டைக்குக் காத்துக்கொண்டு நிண்டனான்.”

மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நான் எழுந்து சேலையில் ஒட்டிய மணலைத் தட்டும்போது, “நாளைக்கு விடியப் பலகை வெட்டோணும். நீங்கள் வந்து அடிமட்டம் பிடியுங்கோ. நஸீர் நானா கோடு கீறினால் சரிவாப் போகும்” என்றாள். காகத்துக்கு வடையைப் போட்டுவிட்டு அவள் பின்னால் நடந்தேன்.

ஞாயிறு காலை அவளுடைய அலுவலக முற்றத்தில் வேலை தொடங்கியது. பத்து அடிக்கு ஓர் அங்குலம் என்று கணக்கு. ஒட்டுப்பலகையில் அவள் புள்ளிகளை வைத்தாள்; நான் அடிமட்டத்தை, நம் அளவுகோலை, அழுத்திப் பிடித்தேன்; அவள் கோடு இழுத்தாள். கை பக்கத்தில் கை. இரண்டு தலைகளும் முட்டிக்கொள்ளாத குறை. கிணறு வரும் இடத்தில் ஒரு சின்ன வட்டம் போட்டு அதற்கு நீல மையும் தீட்டினாள். நஸீர் நானா ரம்பத்தை எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு அறுத்தார். கையில் ஒரு முக்கோணமும் ஒரு நாற்கரமும். பார்த்தால் முக்கோணம்தான் பெரிதுபோல எனக்கே தெரிந்தது.

காணியில் கூட்டம் சேர்ந்திருந்தது. காணியை நிறுக்கிறார்களாம் என்று கேள்விப்பட்டு வந்தவர்கள். நஸீர் நானா ஒழுங்கையில் மீன் விற்றுக்கொண்டிருந்தவரிடம் இரட்டைத் தட்டுத் தராசை இரவல் வாங்கி வேப்பங்கிளையில் தொங்கவிட்டார். மீன்காரரும் கூடவே வந்தார். அவர் பின்னால் இரண்டு பூனைகளும் வந்து தராசின் கீழே உட்கார்ந்துகொண்டன.

இடத் தட்டில் முக்கோணம். வலத் தட்டில் நாற்கரம். சுகந்தினி கையை எடுத்தாள்.

இடத் தட்டு இறங்கியது.

கொஞ்சம்தான். ஆனால் இறங்கியது. “பாத்தீங்களோ!” என்றார் பாக்கியம். “எனக்குத் தெரியும்” என்றார் தவமணி. கூட்டத்தில் முணுமுணுப்பு. நான் சுகந்தினியின் முகத்தைப் பார்த்தேன். இருபத்து மூன்று வருடத்துக்கு முன் நாற்பது பேர் சிரித்தபோது எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. கோடு பிசகிவிட்டதோ? அடிமட்டத்தை நான்தானே பிடித்தேன்?

பிறகு ஒரே நேரத்தில் இருவரும் வாயைத் திறந்தோம்.

“மாத்தி வை.”

“மாத்தி வைப்பம்.”

முக்கோணம் வலத் தட்டுக்கும் நாற்கரம் இடத் தட்டுக்கும் போயின. இப்போதும் இறங்கியது இடத் தட்டுதான். யாரோ பின்னாலிருந்து, “அப்ப பலகையில பிழையில்லை, தராசிலதான் பிழை!” என்றார். எல்லாத் தலைகளும் மீன்காரர் பக்கம் திரும்பின. அவர் வேப்பமரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். “அடேய், எத்தினை வருசமா இந்தத் தராசில மீன் தாறாய்?” என்று ஒரு கிழவர் கேட்க, கூட்டம் கொல்லென்று சிரித்தது. பாக்கியம்கூட முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

சுகந்தினி இரண்டு பலகைகளையும் எடுத்துவிட்டு, வெறும் தட்டுகள் நேராகும்வரை வலப்பக்கம் சின்னச் சின்னக் கற்களாகப் போட்டாள். பிறகு பலகைகளை வைத்தாள். தட்டுகள் ஆடின. இந்தப் பக்கம், அந்தப் பக்கம், மறுபடி இந்தப் பக்கம். நின்றன. முள் நேராக நின்றது. மறுபடி மாற்றி வைத்தாள். அப்போதும் நேராகவே நின்றது.

பாக்கியம் கிட்ட வந்து குனிந்து பார்த்தார். தவமணி மறுபக்கம் வந்து குனிந்து பார்த்தார். தராசின் இரண்டு பக்கமும் இரண்டு நரைத்த தலைகள்.

“சரி” என்றார் பாக்கியம். “சமன்தான்.”

“சமன்தான் எண்டு நானும் சொல்லுறன் எண்டு சொல்லுங்கோ” என்றார் தவமணி.

சுகந்தினி நோட்டை விரித்தாள். “அப்ப எந்தப் பங்கு ஆருக்கு?”

எட்டு வருடம் கோட்டுக்காகச் சண்டை பிடித்தவர்கள், கோடு விழுந்த பிறகு எந்தப் பக்கம் நிற்பது என்று யோசிக்கவே இல்லை. பாக்கியம் மண்ணைப் பார்த்துக்கொண்டு, “அவவை முதல் எடுக்கச் சொல்லுங்கோ” என்றார்.

“அவதானே மூத்தவ. அவ எடுக்கட்டும் எண்டு சொல்லுங்கோ.”

“எனக்கு அவசரமில்லை எண்டு சொல்லுங்கோ.”

சுகந்தினி பேனாவை மூடினாள். “நான் காணி அளக்க வந்தனான். கதை காவ என்னால ஏலாது. நீங்களே கதைச்சு முடியுங்கோ.” அவள் போய் வேம்பின் வேரில் உட்கார்ந்துவிட்டாள். நஸீர் நானாவும் போனார். நானும் போனேன். கூட்டமும் நாகரிகமாக நாலடி விலகியது.

இரண்டு பேரும் கிணற்றடியில் தனியாக நின்றார்கள். பாக்கியம் தொண்டையைச் செருமினார்.

“தவம், நீ ரோட்டுப் பக்கத்தை எடு.”

“எனக்கு வேண்டாம். நீ எடு.”

“உன்ர பெடியன் கடை போடப் போறானாம். ரோட்டு இல்லாமல் எங்கை போடுறது?”

“அது உனக்கு ஆர் சொன்னது?”

“எல்லாம் தெரியும் எனக்கு.”

“எனக்கும் தெரியும். உனக்கு முழங்கால் ஏலாது. பனையடி மட்டும் நடந்து போய் வெங்காயம் பாப்பியோ? ரோட்டுப் பக்கம் நீதான் எடுக்கோணும்.”

“முழங்கால் எனக்கு நல்லாத்தான் இருக்கு.”

“ஆஸ்பத்திரிக்கு ரெண்டு தரம் போனனி. நான் பாத்தனான்.”

சத்தம் ஏறியது. நான் பயந்து எழப் போனேன். சுகந்தினி என் கையைப் பிடித்து இருத்தினாள். பிடித்த கையை எடுக்கவில்லை.

“விடுங்கோ ரீச்சர். எட்டு வருசத்துக் கதை. நேரம் எடுக்கும்.”

நேரம் எடுத்தது. நாங்கள் நிழலில் காத்திருந்தோம். பூனைகள் தராசைக் கைவிட்டுப் போயின. மீன்காரர் தராசைத் திருப்பிக் கேட்க வெட்கப்பட்டு நின்றார். கொஞ்ச நேரத்தில் எதிர்வீட்டிலிருந்து, பாக்கியம் வீட்டிலிருந்து, ஒரு தட்டில் மூன்று பிளேன்ரீ, பால் விடாத தேநீர், வந்தது. அதை வாங்கிக் கையில் வைத்திருக்கும்போதே ஒழுங்கைப் பக்கமிருந்து, தவமணி வீட்டிலிருந்து, இன்னொரு தட்டில் மூன்று வந்தது.

நான் இரண்டு கோப்பைகளையும் மாறி மாறிப் பார்த்தேன்.

“ரெண்டையும் குடிக்கோணும் ரீச்சர்” என்றாள் சுகந்தினி. “ஒண்டை விட்டால் பிறகு திரும்ப அளக்கோணும்.”

குடித்தேன். முதலாவதில் இஞ்சி. இரண்டாவதில் சீனி கொஞ்சம் கூடுதல். கிணற்றடியில் அவர்கள் இன்னும் முடிக்கவில்லை. யார் விட்டுக்கொடுப்பது என்று சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள்.